கம்ப்யூட்டர் மறந்த வயர்

அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டவர்கள் குறைவு. லிஃப்ட் கம்பெனியில் மெக்கானிக்காகச் சேர்ந்த கொஞ்ச நாளிலேயே 'கம்ப்யூட்டர்' என்ற பட்டம் கிடைத்துவிட்டது. மேனேஜரிலிருந்து வாசல் காவலாளி வரை அப்படித்தான் அழைத்தார்கள். எந்தக் கட்டடத்து லிஃப்டில் என்ன மோட்டார், எந்த மாடிக் கதவு மழைக்காலத்தில் ஒட்டிக்கொள்ளும், எந்தப் பேனலில் சிவப்பு வயர் இருக்க வேண்டிய இடத்தில் முன்னால் வந்த மகராசன் மஞ்சள் வயரை மாட்டிவிட்டுப் போனான், எல்லாம் மனப்பாடம். மற்றவர்கள் வரைபடத்தை விரித்து வைத்துத் தலையைச் சொறிந்துகொண்டிருக்கும்போது கம்ப்யூட்டர் கண்ணை மூடியபடி, "மூணாவது ரிலேயைப் பாருங்கடா" என்பார். கோளாறு அங்கேதான் இருக்கும்.

கல்யாணத் தேதி, மனைவியின் செருப்பு அளவு, வரும்போது வாங்கி வரச் சொன்ன சாமான், இவை மட்டும் அந்தக் கம்ப்யூட்டரில் ஏறவே இல்லை என்பது மனைவியின் புகார். அவள் யூனிஃபார்ம் தைக்கும் கம்பெனியில் பட்டன் துளை போடுகிறவள். துளை ஒரு நூல் தள்ளிப் போனாலும் அவள் கண்ணுக்குத் தப்பாது. நாக்கு அதைவிடக் கூர்மை என்று அவளோடு வேலை செய்கிறவர்கள் சொல்வார்கள்.

கம்ப்யூட்டர் குடிப்பார். இப்படிப் பட்டென்று சொன்னால் அவருடைய சிநேகிதர்களுக்குக் கோபம் வரும். சாக்கடை ஓரம் உருண்டு கிடப்பவன்தான் குடிப்பான். இஸ்திரி போட்ட சட்டையோடு நேரத்துக்கு வேலைக்கு வருகிறவர் 'கொஞ்சம் எடுத்துக்குவார்', அவ்வளவுதான். அந்தக் கொஞ்சம் முதலில் சனிக்கிழமை மாலைகளில் இருந்தது. பிறகு எல்லாக் கிழமைகளும் சனிக்கிழமையின் சொந்தக்காரர்கள் ஆயின. பிறகு காலையிலும் ஒரு மடக்கு வேண்டியிருந்தது. அதற்கும் அவரிடம் காரணம் தயார்: "கை நடுங்கினா வயர் பிடிக்க முடியுமா? இது தொழிலுக்கு."

தொழில் பக்தி அப்படி. பல் விளக்குவதற்கு முன்னாலேயே தொழிலுக்காகக் குடித்த மனிதர் அவர்.

குடித்தால் தள்ளாடமாட்டார், உளறமாட்டார், யாரையும் அடிக்கமாட்டார். இதற்காக ஊரே அவரைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டாடியது. "எவ்வளவு உள்ள போனாலும் ஆள் ஸ்டெடி" என்று சிநேகிதர்கள் மெடல் குத்தினார்கள். "உன் வீட்டுக்காரர் தங்கம், என் வீட்டுக்காரர் மாதிரியா?" என்று பக்கத்து வீடுகளில் அவளிடமே சொன்னார்கள். அடிக்காத ஒரே காரணத்துக்காகத் தங்கமாகிவிட்ட அந்த மனிதர் ராத்திரி சாப்பாட்டுத் தட்டை அப்படியே ஒதுக்கி வைப்பார். "வயிறு நிறைஞ்சிருக்கு" என்பார். எதனால் நிறைந்திருக்கிறது என்று அவளுக்குத் தெரியும். தட்டை எடுத்துப் போய்க் கழுவுவாள்.

அவளுடைய தம்பியும் அதே கம்பெனியில் சேர்ந்தான். அவள்தான் சொல்லிச் சேர்த்துவிட்டாள். மாமாவிடம் தொழில் கற்றுக்கொண்டால் எங்கே போனாலும் பிழைத்துக்கொள்வான் என்று நினைத்தாள். தம்பி பொறுமைசாலி, கொஞ்சம் பயந்த சுபாவம். மாமா வாயைத் திறந்தால் வேதவாக்கு என்று பக்கத்திலேயே நின்றான்.

லிஃப்ட் வேலையில் ஒரு வழக்கம் உண்டு. கதவு முழுக்கச் சாத்தினால்தான் லிஃப்ட் நகரும். அதற்கென்று கதவுப் பூட்டில் ஒரு கரண்ட் லைன் ஓடுகிறது. ரிப்பேர் பார்க்கும்போது கதவைத் திறந்து வைத்தபடியே ஓட்டிப் பார்க்க வேண்டியிருக்கும். அப்போது பேனலில் ஒரு சின்ன வயரைக் குறுக்கே மாட்டி, கதவு சாத்தியிருக்கிறது என்று லிஃப்டை நம்ப வைப்பார்கள். அதற்கு ஜம்பர் என்று பெயர். விரல் நீளம்கூட இருக்காது. வேலை முடிந்ததும் அதை எடுத்துவிட வேண்டும். மாட்டியவன்தான் எடுக்க வேண்டும். எடுத்ததைக் கூட இருப்பவனின் உள்ளங்கையில் வைத்துக் காட்ட வேண்டும். காட்டாதவரை யாரும் லிஃப்டுக்குள் கால் வைக்கக் கூடாது. மற்ற எல்லா ஜோடிகளும் இதைச் செய்தார்கள். கம்ப்யூட்டர் மட்டும், "கையில என்னத்தக் காட்டுறது? எல்லாம் மண்டையில இருக்கு" என்று நெற்றியைத் தட்டிக் காட்டுவார். அவருடைய மண்டையைச் சந்தேகிக்கும் தைரியம் யாருக்கும் இல்லை. தம்பிக்குச் சுத்தமாக இல்லை.

ஒருநாள் காலை ஒரு பெரிய ஆபீஸ் கட்டடத்தில் வேலை முடிந்தது. "முடிஞ்சுது, பையை எடுத்து வை" என்றார் கம்ப்யூட்டர். தம்பி கருவிப் பையோடு லிஃப்டுக்குள் ஒரு காலை வைத்தான். மேல் மாடியில் யாரோ பட்டனை அழுத்தினார்கள். கதவு திறந்திருக்கும்போது அசையவே கூடாத லிஃப்ட், திறந்த கதவோடு கிளம்பியது. தம்பிக்கு இடது பாதம் போய்விட்டது.

ஜம்பர் பேனலிலேயே இருந்தது. கம்பெனி விசாரித்தது. "நான் எடுத்துட்டேன். நல்லா ஞாபகம் இருக்கு. அப்புறம் அவன் எதுக்கோ திரும்ப மாட்டியிருப்பான்" என்றார் கம்ப்யூட்டர். கம்ப்யூட்டரே ஞாபகம் இருக்கிறது என்று சொன்ன பிறகு அப்பீல் ஏது? அவரிடம் அன்றைக்கும் வாடை அடித்தது. தினமும் அடிக்கிற வாடையை யார் மூக்கில் ஏற்றிக்கொள்வார்கள்? தப்பு தம்பியுடையது என்று முடிவாயிற்று. 'சொந்த ஜம்பரில் சொந்தக் காலைக் கொடுத்தவன்' என்று மெக்கானிக்குகளுக்குள் ஒரு கேலியும் பரவியது. அதற்குப் பிறகு எந்த லிஃப்ட் கம்பெனியும் அவனை வாசலில்கூட நிற்க விடவில்லை. அவன் வீட்டு மேஜையில் ஃபேனும் இஸ்திரிப் பெட்டியும் ரிப்பேர் பார்க்கிறவன் ஆனான்.

இதெல்லாம் ஒரு பக்கம். ஆஸ்பத்திரியில் நடந்ததுதான் அவளை உள்ளுக்குள் அரித்தது. கட்டுப் போட்ட காலோடு படுத்திருந்த தம்பி, "அக்கா, நான் அதைத் தொடவே இல்லக்கா" என்றான். அவள் அவன் தலையைத் தடவிக்கொடுத்தபடியே, "மாமா எடுத்துட்டேன்னு அடிச்சுச் சொல்றாருடா. நீதான் அவசரத்துல ஏதாவது... நல்லா யோசிச்சுப் பாரு" என்றாள். புருஷனையும் விட்டுக்கொடுக்காமல் தம்பியையும் நோகடிக்காமல் பேசிவிட்டதாக அப்போது நினைத்தாள். தம்பி சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான். "இருக்கும்க்கா" என்றான்.

அந்த 'இருக்கும்க்கா' அவளோடு வீட்டுக்கு வந்தது. பட்டன் துளை போடும்போதும் பாத்திரம் கழுவும்போதும் கேட்டது. உண்மை என்ன என்று தெரிந்த மண்டை உலகத்தில் ஒன்றே ஒன்றுதான். அதைச் சரியான சமயத்தில் பிடித்து உலுக்கிக் கேட்டுவிட வேண்டும் என்று அவள் காத்திருந்தாள். தெளிந்திருக்கும்போது கேட்கலாம் என்று பார்த்தால் அவர் தெளிவதாக இல்லை. குடித்திருக்கும்போது கேட்டால், "அதான் சொல்லியாச்சுல்ல" என்று திரும்பிப் படுத்துக்கொள்வார்.

அந்த மண்டை அவள் காத்திருக்கும்போதே கரைந்துகொண்டிருந்தது. யாருக்கும் தெரியவில்லை, ஏனென்றால் கரைந்த இடத்தையெல்லாம் கதை வந்து நிரப்பிவிட்டது. சாப்பிட்டீர்களா என்று கேட்டால், மேனேஜரோடு உட்கார்ந்து சாப்பிட்டதாகவும் மேனேஜர் தன் மகளின் படிப்பைப் பற்றி யோசனை கேட்டதாகவும் சொல்வார். மேனேஜருக்கு மகள் கிடையாது. முன்பெல்லாம் வாயிலிருந்து வார்த்தையைப் பிடுங்க வேண்டியிருந்த மனிதர் இப்போது அளந்துகொண்டே போனார். "வயசாக ஆக உன் வீட்டுக்காரர் என்ன கலகலப்பா பேசுறார்!" என்று தெருவே ரசித்தது.

ஒரு மாலை பக்கத்து வீட்டுப் பெரியவரின் சாவுக்குப் போய் வந்ததாகச் சொன்னார். கூட்டம் தாங்கவில்லையாம். இவரும் தோள் கொடுத்தாராம். பாவம், நல்ல மனுஷன் என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். அவளுக்குக் கை கால் ஓடவில்லை. அந்த நேரம் பார்த்துப் பெரியவரே கதவைத் தட்டினார்.

"பேப்பர் படிச்சு முடிச்சாச்சாம்மா?"

கம்ப்யூட்டர் அசரவில்லை. "வாங்க வாங்க. இப்பதான் உங்களைப் பத்திப் பேசிட்டிருந்தோம்" என்று நாற்காலியை இழுத்துப் போட்டார்.

அவள் சிரித்துவிட்டாள். ராத்திரி படுத்த பிறகுதான் அது சிரிக்கிற விஷயம் இல்லை என்று உறைத்தது.

பிறகு ஒரு காலையில் படுக்கையை விட்டு எழுந்தவர் காலை அகட்டி அகட்டி வைத்துச் சுவரைப் பிடித்தார். கண்மணிகள் நிற்க மாட்டாமல் துடித்தன. இது எந்த வீடு என்று கேட்டார். ஆஸ்பத்திரியில் ஊசி மேல் ஊசியாக வைட்டமின் ஏற்றினார்கள். கண் நின்றது, நடை ஓரளவு திரும்பியது. ஞாபகம் திரும்பவில்லை.

டாக்டர் இளவயதுப் பெண். கட்டில் ஓரம் உட்கார்ந்து, "பேனா, சாவி, சீப்பு. இந்த மூணையும் ஞாபகம் வச்சுக்கோங்க. கொஞ்ச நேரம் கழிச்சுக் கேப்பேன்" என்றார். கம்ப்யூட்டருக்குச் சிரிப்பு வந்தது. "என்கிட்டயா? என்னைக் கம்ப்யூட்டர்னு கூப்பிடுவாங்க டாக்டர்." கொஞ்ச நேரம் கழித்து டாக்டர் கேட்டபோது அவர் விழித்தார். "என்னை முன்னாடி பாத்திருக்கீங்களா?" என்று டாக்டர் மாற்றிக் கேட்டார். "என்னம்மா இப்படிக் கேட்டுட்டீங்க? போன வாரம் லிஃப்டுல மாட்டிக்கிட்டு அழுதீங்க. நான்தானே கதவைத் திறந்து வெளிய கொண்டுவந்தேன்" என்றார் கம்ப்யூட்டர், கொஞ்சம் வருத்தத்தோடு.

வெளியே அழைத்துப் போய் டாக்டர் அவளுக்கு விளக்கினார். "ரொம்ப வருஷமா குடிக்கிறவங்க ஒழுங்கா சாப்பிடுறதில்ல. சாப்பிட்டாலும் பி ஒன்னுன்னு ஒரு வைட்டமின் உடம்புல சேராது. அது இல்லாம மூளை பட்டினி கிடக்குது. புது ஞாபகத்தைப் பதிய வைக்கிற இடம் முதல்ல சாகுது. அப்புறம் சாராயமே மூளையைச் சுருக்கும். ஸ்கேன்ல பாருங்க, அவர் வயசுக்கு இவ்வளவு இடைவெளி இருக்கக் கூடாது. ரொம்பப் பழசு நிக்கும். கடைசிச் சில வருஷம் மொத்தமா போயிருக்கலாம்."

"அப்ப இந்தப் பொய்யெல்லாம்?"

"பொய் இல்லம்மா. பொய்ன்னா உண்மை தெரிஞ்சிருக்கணும். ஞாபகம் இல்லாத இடத்துல மூளை தானா ஒண்ணை வச்சு அடைச்சிடுது. அவருக்கு அது நடந்த விஷயம். இன்னொண்ணு, கேள்விக்குள்ளயே பதிலை வச்சுக் கேக்காதீங்க. நீங்க எதைச் சொன்னாலும் ஆமான்னுடுவார்."

"கல்யாணமானதுல இருந்து நான் சொன்ன எதுக்கும் ஆமான்னு சொல்லாத மனுஷன் டாக்டர்" என்றாள் அவள். டாக்டர் சிரிக்கலாமா கூடாதா என்று தெரியாமல் ஸ்கேனை உறைக்குள் போட்டார்.

தம்பியிடம் ஃபோனில் எல்லாவற்றையும் ஒப்பித்தாள். அவன் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அதாவது மாமா மண்டைக்குள்ளயே ஜம்பர் போட்டுட்டாங்க. கதவு திறந்தே கிடக்கு, லிஃப்ட் ஓடிட்டே இருக்கு" என்றான். இத்தனை வருஷத்தில் அவன் ஜம்பர் என்ற வார்த்தையைச் சொன்னது அதுதான் முதல் தடவை.

வீட்டில் பாட்டில் இல்லை. அவர் கேட்கவும் இல்லை, தான் குடிப்பவர் என்பதையே மறந்துபோனார். நிறுத்து நிறுத்து என்று அவள் கெஞ்சியும் திட்டியும் நடக்காதது இப்படி நடந்தது. காலையில் வேலைக்குக் கிளம்புவார். இன்று லீவு என்று அவள் சொல்வாள். "ஆமாமா, மேனேஜர் சொன்னார்" என்று சட்டையைக் கழற்றுவார். பழைய கட்டடங்களின் பேனல்களை மட்டும் வயர் வயராக ஒப்பிப்பார். அதைக் கேட்கும்போது அவளுக்கு ஆசை வந்தது. இவ்வளவு இருக்கிறதே, அந்த ஒரு காலையும் எங்கேயாவது மூலையில் கிடக்காதா?

சாப்பாடு போட்டுக் கொடுத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தாள்.

"என்னங்க, தம்பிக்கு அடிபட்ட அன்னைக்கு ஜம்பரை எடுத்தீங்களா?"

"எடுத்தேனே. எடுத்து உன்கிட்டதானே கொடுத்தேன்."

மறுநாள் கேட்டாள். அந்த லிஃப்டுக்கு ஜம்பரே தேவைப்படவில்லை என்றார். அதற்கு மறுநாள் ஜம்பரை மேனேஜர் எடுத்ததாகச் சொன்னார். ஒவ்வொன்றையும் மேனேஜர் போட்டிருந்த சட்டையின் நிறம் வரைக்கும் விவரமாகச் சொன்னார். அவளுக்குப் பொறுமை போய்விட்டது. டாக்டர் சொன்னது காற்றில் போயிற்று.

"நீங்கதானே எடுக்காம விட்டீங்க? உண்மையைச் சொல்லுங்க!"

கம்ப்யூட்டர் சாப்பிடுவதை நிறுத்தினார். முகம் மாறியது. "ஆமா. நான்தான். எடுக்க மறந்துட்டேன்" என்றார். கண்ணிலிருந்து பொலபொலவென்று கொட்டியது.

அவள் ஃபோனை எடுத்தாள். "உடனே வாடா. உங்க மாமா ஒத்துக்கிட்டார். உன் காதால கேளு." தம்பி எதுவும் கேட்காமல், வருகிறேன் என்றான்.

ஃபோனை வைத்தபோது அவர் கண்ணீர் காய்ந்து மறுபடியும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அவர் அப்படி நிம்மதியாக மெல்வதைப் பார்த்ததும் அவளுக்குச் சந்தேகம் தட்டியது. ஒரு நூல் தள்ளியிருந்தாலும் விடாத புத்தி சும்மா இருக்குமா? கேட்டுவிட்டாள்.

"எங்க தையல் கம்பெனிக்குத் தீ வச்சது நீங்கதானே?"

தையல் கம்பெனியில் ஒரு தீக்குச்சிகூட எரிந்ததில்லை. கம்ப்யூட்டர் சாப்பிடுவதை நிறுத்தினார். "ஆமா. நான்தான். தெரியாம வச்சுட்டேன்" என்றார். அதே போலப் பொலபொலவென்று கொட்டியது.

அவள் தலையில் கையை வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தாள். தம்பியை வராதே என்று சொல்லத் தோன்றவில்லை. படிக்கட்டில் அவன் ஊன்றுகோல் சத்தம் கேட்டது. செயற்கைப் பாதத்தோடு ஒவ்வொரு படியாக ஏறி வந்தான். வந்தவன் முகத்தில் கால் போவதற்கு முன் அவள் பார்த்த ஒரு களை இருந்தது.

"வா மச்சான்!" என்றார் கம்ப்யூட்டர். "வேலைக்கு நேரமாச்சா?" பிறகு கீழே பார்த்தார். "டேய், கால் என்ன ஆச்சு?"

தம்பி அக்காவைப் பார்த்தான். அவள் இல்லை என்பது போலத் தலையை ஆட்டினாள். அவனுக்குப் புரிந்துவிட்டது. களை போய்விட்டது. நாற்காலியை இழுத்து மாமாவுக்கு எதிரில் உட்கார்ந்தான்.

"லிஃப்ட் இழுத்துடுச்சு மாமா. ஜம்பர் எடுக்காம விட்டுட்டாங்க."

கம்ப்யூட்டர் மேஜையை ஓங்கித் தட்டினார். தட்டு குதித்தது. "எவன் அவன்? மாட்டினவன்தானே எடுக்கணும்? எடுத்தா கையில காட்டணும்னு தெரியாதா அந்த நாய்க்கு? காட்டாம உன்னை உள்ள கால் வைக்கச் சொன்னானா?" கழுத்து நரம்பு புடைத்தது. அது நடிப்பில்லை, தொழில் தெரிந்தவனின் நிஜமான கோபம். "குடிச்சிருந்திருப்பான். அந்த மாதிரி ஆளையெல்லாம் பேனல் பக்கமே விடக் கூடாது. அவனைச் சும்மா விடாத மச்சான். யார் உன்கூட இருந்தது?"

"நீங்கதான் மாமா."

கம்ப்யூட்டர் அவனைப் பரிதாபமாகப் பார்த்தார். எட்டி அவன் தோளைத் தொட்டார்.

"நான் கூட இருந்திருந்தா உனக்கு இப்படி ஆகியிருக்குமாடா?"

அவர் மறுபடி தட்டின் பக்கம் திரும்பினார். தம்பி ஊன்றுகோலை ஊன்றி எழுந்தான். அவள் ஓடிப்போய்க் கதவுக்கு முன்னால் நின்றாள்.

"நீ அதைத் தொடலடா. எனக்குத் தெரியும்."

"இப்பவா தெரிஞ்சுது?"

"இல்ல. அன்னைக்கே தெரியும். ஆஸ்பத்திரியில உன் மூஞ்சியப் பாத்தப்பவே தெரியும். தெரிஞ்சுதான் யோசிச்சுப் பாருன்னு சொன்னேன்."

தம்பி கோபப்படவில்லை. பட்டிருந்தால் அவளுக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

"மாமாவால சொல்ல முடியல, சரி. அவருக்கு மண்டையில ஒண்ணும் இல்ல" என்றான். "உனக்கு என்னக்கா?"